பெஞ்சண்ணனின் தம்பி

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் கடுமை என்று ரேடியோவில் சொன்னார்கள். உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது, மறந்துவிடாதே.

எனக்கு மூட்டுவலி ஒன்றுதான் குறை. தையல் கூடத்தில் என்னை மிஷினிலிருந்து எடுத்துப் பொத்தான் தைக்கிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். எல்லாம் பள்ளிக்கூடச் சட்டைகள். உட்கார்ந்த இடத்திலேயே வேலை என்பதால் சந்தோஷம்தான்.

ஒரு செய்தி. பழைய ஆஸ்பத்திரியை இடிக்கப் போகிறார்கள். நோயாளிகள் காத்திருக்கும் அந்தப் பெரிய கூடத்தை மட்டும் இடிக்காமல் உன் அண்ணன் நினைவாக வைக்கிறார்களாம். நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். வாசலில் என்ன பெயர் எழுதலாம் என்று கேட்டார்கள். ஊர் கூப்பிட்ட பெயரையே எழுதுங்கள், "பெஞ்சண்ணன் கூடம்" என்று போடுங்கள் என்றேன். வீட்டில் ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத மனுஷருக்கு இப்படி ஒரு பெயர். எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது.

ஆகஸ்ட் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அவருக்குக் குடும்பம் என்று நீயும் நானும்தான் மிச்சம். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது நீ ஊர்ப்பக்கம் வந்து. முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்திலும் வா வா என்று எழுதுவேன், பிறகு விட்டுவிட்டேன். இப்போது மறுபடி கேட்கிறேன். வா.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
அண்ணி


பிப்ரவரி 2

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் மூட்டுவலிக்கு மகள் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், தனியாக அனுப்புகிறேன். உட்கார்ந்து வேலை செய்தாலும் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

கூடத்தைப் பற்றிப் படித்தேன். மிகவும் சந்தோஷம். அண்ணனுக்கு இது எப்போதோ செய்திருக்க வேண்டியது.

நான் வருவது கஷ்டம் என்று தோன்றுகிறது. இப்போது என் பொறுப்பில் இருபத்தாறு கட்டடங்களின் லிஃப்ட்டுகள். ஆகஸ்டில்தான் எல்லாவற்றையும் பிரித்து, கம்பிவடம் மாற்றி, அரசாங்க ஆய்வுக்குத் தயார் செய்கிறோம். அந்த மாதம் யாருக்கும் விடுப்புக் கிடையாது. மேலும், நான் வந்து என்ன செய்யப் போகிறேன்? அண்ணனைப் பற்றிப் பேச உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பணிவுடன்,
தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. மகளிடம் சொல், அதன் வாசனைக்கே பாதி வலி ஓடிவிட்டது. நீங்கள் நலம்தானே? ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ சொன்னதைப் பதிலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கூடத்துக்கான காகிதங்களையும் படங்களையும் சேகரிக்க ஒரு பெண்ணை நியமித்திருக்கிறார்கள். நூலகத்தில் வேலை பார்த்தவள், கெட்டிக்காரி. வாரம் ஒருநாள் வந்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறாள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குள் உட்காரக் கூடாது, வெளியே தகரக் கொட்டகையில்தான் நிற்க வேண்டும் என்று ஒரு காலம் இருந்ததை அவளால் நம்பவே முடியவில்லை. "யாரும்மா அந்தச் சட்டம் போட்டது?" என்று கேட்டாள். யாரும் போடவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் என்றேன்.

லேத் பட்டறையில் உன் அண்ணனோடு வேலை செய்தவரின் கை மிஷினில் மாட்டியதைச் சொன்னேன். உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடக்க, அவர் கொட்டகையில் நின்றபடியே ரத்தம் போய் விழுந்து செத்ததையும், மறுநாள் காலை உன் அண்ணன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்ததையும் சொன்னேன். அடித்துத் தூக்கிப் போட்டார்கள். மறுநாளும் போனார். பத்தாம் நாள் அவரோடு முப்பது பேர். நாற்பத்தொன்றாம் நாள் கூடத்தில் இடமே இல்லை.

பட்டறையில் அவர் ஆட்களைப் பழக்கியதையும் கேட்டாள். சாயங்காலம் மிஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வரிசையாக உட்கார வேண்டும், கை இரண்டும் முழங்கால் மேல். மற்றவர்கள் முடியை இழுத்து, துப்பி, கெட்ட வார்த்தையில் திட்ட வேண்டும். யாருடைய கை முழங்காலை விட்டு எழுகிறதோ அவர் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. திட்டுவதில் உனக்குத்தான் முதல் பரிசு என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் கோர்ட்டில் இருக்கும் பழைய வழக்குக் கட்டையும் எடுத்து வரப் போகிறாளாம்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

இங்கே சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அந்த வழக்குக் கட்டு எதற்கு? பொய் வழக்கு என்று ஊருக்கே தெரியும். அதைத் தோண்டி எடுத்தால் உங்களுக்குத்தான் மனக்கஷ்டம். கூடத்தில் அண்ணனுடைய படமும் அந்த பெஞ்சும் இருந்தால் போதாதா? அந்தப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதம் அவசரத்தில் எழுதியது போல இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவள் கட்டைக் கொண்டுவந்துவிட்டாள். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான்கு நாளில் எல்லாவற்றையும் படித்தேன். பட்டறையில் இரும்புக் கம்பிகள் கிடந்தன, ஆகவே கலவரத்துக்குத் திட்டமிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். லேத் பட்டறையில் இரும்புக் கம்பி இல்லாமல் கரும்பா இருக்கும்? அந்தக் காலத்தில் நம் வக்கீல் இப்படிக் கேட்டபோது நீதிபதியே சிரித்தார். ஆனாலும் நாலு வருஷம் கொடுத்தார்.

ஒரு பக்கத்தைப் பற்றி அந்தப் பெண் என்னிடம் தனியாகக் கேட்டாள். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதா வேண்டாமா என்பதை நான்தான் சொல்ல வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

உன் மகளுக்குப் பரீட்சை எப்போது?

அன்புடன்,
அண்ணி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் மூவரும் நலமா என்று மட்டும் எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

அண்ணி


ஜூன் 3

அண்ணிக்கு,

நாங்கள் உயிரோடு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். என் பொறுப்பிலுள்ள ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை செய்யும் பெண்கள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலைக்கு வரும்போது அவர்கள் முன்வாசலையும் லிஃப்ட்டையும் பயன்படுத்தக் கூடாதாம், பின்பக்கப் படிக்கட்டில் பதினெட்டு மாடி ஏற வேண்டுமாம். நாற்பது பெண்கள், சத்தமே இல்லை. எல்லோருடைய கையும் முழங்கால் மேல். நடுவில் ஒரு படம் வைத்திருந்தார்கள். அண்ணனுடைய படம். எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தார்களோ, இவர்களுக்கு நம் மொழி தெரியாது, நம் ஊரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

நான் கருவிப் பெட்டியோடு அவர்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அதில் வயதான ஓர் அம்மாள், "இவர உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான், "தெரியாது" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டேன்.

அவரை நான் கைவிட்டது அது இரண்டாம் முறை. முதல் முறை எது என்று அந்த வழக்குக் கட்டில் படித்திருப்பீர்கள்.

பட்டறையிலிருந்து போலீஸ் என்னைக் கொண்டுபோன அன்று எனக்குப் பதினெட்டு வயது. மூன்று நாள் வைத்திருந்தார்கள். என்ன செய்தார்கள் என்று எழுத மாட்டேன். மூன்றாம் நாள் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். ஆட்களுக்குக் கொடுப்பதற்காகக் கம்பிகளை அண்ணன்தான் சேர்த்து வைத்தார் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். என் பெயர் வெளியே வராது என்றார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் காப்பாற்றினார்கள்.

நீங்கள் புதன்கிழமைதோறும் ஜெயிலுக்குப் போய்த் திரும்பும்போது நான் வாசலிலேயே நிற்பேன். ஒருநாள் மட்டும் வாய்விட்டுக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "அண்ணன் என்னப் பத்தி கேட்டாரா?" "இல்ல" என்றீர்கள். அவருக்குத் தெரிந்துவிட்டது, என் முகத்தில் விழிக்க அவருக்கு இஷ்டமில்லை என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன். ஐந்து மாதத்தில் கப்பல் ஏறினேன். அவர் செத்த தந்தி வந்தபோதும் வரவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

தம்பி


ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாகவே இருக்கிறேன். நீ முதலில் நன்றாகச் சாப்பிடு.

இந்தக் கட்டைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைக்கிறாயா? வழக்கு நடந்தபோதே வக்கீல் அந்தக் காகிதத்தை உன் அண்ணனிடம் காட்டிவிட்டார். ஜெயிலில் நான் அவரைப் பார்த்த முதல் புதன்கிழமை அவர் சொன்ன முதல் பேச்சே அதுதான். "மூணு நாள் தாங்கியிருக்கான்டி. நான் அவன திட்டத்தான் பழக்கினேன், அடி வாங்கப் பழக்கல. தப்பு என்னோடது. உனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம், கூனிப் போயிடுவான்."

அதனால்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பெட்டியில் வைக்கட்டும், பெயர் இருக்கும் இடத்தை மறைத்துவிடட்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 4

என் அண்ணிக்கு,

நீங்கள் நூறு வருஷம் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையில் வீட்டில் பயந்துவிட்டார்கள். முதல்முறையாக மனைவியிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

இத்தனையும் தெரிந்துகொண்டு முப்பது வருஷம் என் சளிக்கு மருந்து சொன்னீர்களே. அண்ணன் ஊருக்குச் சொன்னதை நீங்கள் வீட்டுக்குள் செய்து காட்டிவிட்டீர்கள்.

பெயரை மறைக்க வேண்டாம். பதினெட்டு வயதுப் பையனை மூன்று நாளில் என்ன செய்ய முடியும் என்று ஜனங்கள் பார்க்கட்டும். நான் வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. வேலை போனால் போகட்டும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அவருக்கு என் மேல் கோபம் இல்லையென்றால் ஏன் ஒருமுறைகூட என்னைக் கூப்பிடவில்லை? இதை நான் கேட்கக் கூடாதுதான். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

உங்கள்,
தம்பி


ஜூலை 17

தம்பிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. பதில் எழுதாமல் இருந்தால் நீ வருவாய், என் கையைப் பிடித்து அழுவாய், எல்லோரும் என்னைப் புகழ்வார்கள். அது என்னால் ஆகாது.

அவர் கூப்பிட்டார்.

அந்த முதல் புதன்கிழமையே, "அடுத்த வாரம் அவனக் கூட்டிட்டு வா" என்றார். வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் நின்றாய். கேட்டாரா என்று கேட்டாய். இல்லை என்றேன்.

நீ அவர் முன்னால் போய் நின்றால் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி உன்னைத் தொடுவார். அவ்வளவுதான், உன் பாரம் இறங்கிவிடும். என் பாரத்தை யாரிடம் இறக்குவது? என் புருஷனைப் பிடுங்கிக்கொடுத்துவிட்டு நீ ஒரே நாளில் சுத்தமாகி வருவது எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம், அவன் வரமாட்டேங்கிறான் என்று சொன்னேன். "வெக்கப்படுறான், விடு, வருவான்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் சவரம் செய்து, தலை வாரிக்கொண்டு வந்து உட்காருவார். எனக்காக அவர் எந்தக் காலத்திலும் தலை வாரியதில்லை. எனக்குப் பின்னால் கதவையே பார்ப்பார்.

மூன்றாம் வருஷ மழையில் நெஞ்சில் நீர் கோத்து, ஜெயில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இன்னொருமுறை கேட்டார். நீ அப்போது அந்த நாட்டில் இருந்தாய். எழுதியிருக்கலாம், நான் எழுதவில்லை. பதினோரு நாள் கழித்து அவர் இறந்த தந்திதான் அனுப்பினேன்.

உன் மேல் எனக்கு அன்பு வந்ததெல்லாம் பிற்பாடு. முதல் பத்து வருஷம் உனக்கு எழுதிய கடிதங்கள் வெறும் பழக்கம். கை முழங்கால் மேல் இருந்தது, அவ்வளவுதான். உள்ளே நான் உன்னை அடித்துக்கொண்டேதான் இருந்தேன்.

நீ கையெழுத்துப் போட்டது அடி தாங்காமல். என்னை யாரும் அடிக்கவில்லை.

வருவதும் வராததும் உன் இஷ்டம். எனக்காக வராதே, அவருக்காக வா.

அண்ணி


ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமா? நேற்று திறப்பு நடந்தது. நீ வரவில்லை. வாசலில் நுழைந்த ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தேன். அப்படிக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அவரைத் தூக்கி வெளியே போட்ட வார்டு பணியாளர் ஒருவர், எண்பது வயது இருக்கும், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தார், நின்றார், போனார்.

நீ சொன்னபடி உன் பெயரை மறைக்கவில்லை. பக்கத்தில் வயதையும், எத்தனை நாள் காவலில் இருந்தாய் என்பதையும் எழுதச் சொன்னேன். அதற்கும் பக்கத்தில் நான் எழுதிக் கொடுத்த ஒரு காகிதமும் இருக்கிறது. உனக்கு எழுதியதைத்தான் நாலு வரியில் எழுதினேன். அந்தப் பெண் வேண்டாம்மா என்று கெஞ்சினாள். வைக்கத்தான் வேண்டும் என்றேன்.

ஒரு வேடிக்கை கேள். அந்த பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி, "இதில் உட்காரக் கூடாது" என்று அட்டை மாட்டியிருந்தார்கள். பேசச் சொன்னபோது எனக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை. "கயித்த அவுத்துடுங்க" என்று மட்டும் சொன்னேன். பிறகு சிரித்துக்கொண்டே அவிழ்த்தார்கள். காலில் கட்டுப் போட்ட ஒருவர் நிற்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார், அவர்தான் முதலில் உட்கார்ந்தார்.

நீ பதில் எழுதாவிட்டால் அது நியாயம்தான்.

அண்ணி


ஆகஸ்ட் 24

அண்ணிக்கு,

உறையில் உள்ளூர்த் தபால்தலையைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன், ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில். உடம்புக்கு ஒன்றுமில்லை. நாளைக் காலை விமானம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டேன். எதிர்ச்சாரியில் மருந்துக்கடை ஓரமாக நின்று நீங்கள் உள்ளே போவதைப் பார்த்தேன். நடை தளர்ந்துவிட்டது. ஓடிவந்து கையைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, உங்களைப் பார்க்கவே கூடாது போலவும் இருந்தது. இரண்டும் ஒரே அளவு இருந்ததால் நின்ற இடத்திலேயே நின்றேன். மறுநாள் கூட்டமில்லாத நேரத்தில் போய் நம் இரண்டு காகிதங்களையும் படித்தேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் படித்தாள். படித்து முடித்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அண்ணனாக இருந்தால் ஒரு நொடியில் எழுதிவிடுவார். நான் அவருடைய தம்பி மட்டும்தான். உங்கள் கடிதம் வந்த அன்று அதைக் கிழிக்கப் போனேன், மகள்தான் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

இன்று புதன்கிழமை. ஜெயிலுக்குப் போனேன். பார்வையாளர் வரிசை சுவரோரமாக நீளமாக இருந்தது, பெரும்பாலும் பெண்கள். நானும் நின்றேன். காலையில் சவரம் செய்துகொண்டுதான் போனேன். இரண்டு மணி நேரம் கழித்து ஜன்னலுக்கு வந்தேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "யாரப் பாக்கணும்?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன" என்றேன்.

"கைதி நம்பர் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை, அண்ணி. பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு விலகிக்கொண்டேன்.

மூன்று வருஷம் அந்த ஜன்னலில் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அண்ணனுடைய நம்பர் என்ன? எழுதுங்கள்.

தம்பி